ஓடையிலிருந்து முப்பதடி

கண்டி
03.08.2025

மதிப்புக்குரிய றமீஸா ராத்தாவுக்கு,

ஓடைக்கரைச் சங்கத்தில் வேலை செய்யும் யோகராஜா எழுதுகிறேன். உங்கள் காணியின் கீழ்த் தொழிலாளர் லயத்தில் இருக்கும் பாலம்மாவின் தம்பி. உங்கள் கணவர் ஹாஜியாரின் ஜனாஸா அடக்கத்தன்று கேற்றுக்கு வெளியே நின்றேன். நீங்கள் வெளியே வராமல் இத்தா இருக்கிற வீட்டுக்குள் வந்து ஆறுதல் சொல்லக் கூடிய ஆள் நானில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹாஜியார் எனக்கு மூன்று வருடம் தேத்தண்ணி தந்தார், ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் காக்கும் எங்கள் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து மட்டும் தரவில்லை. ஒவ்வொரு முறையும், "யோசிப்பம் யோகராஜா, ஓடை ஓடிப் போவுமா" என்று சிரிப்பார். இந்த மே மாதம் லயத்துக் குடிதண்ணீர்ப் பீலியில் ஒரு கிழமை சேற்றுத் தண்ணீர் வந்தது. அவரே இறங்கி வந்து பார்த்தார். அடுத்த நாள் காலையில் அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன். ஓடையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் முப்பது அடி. அதற்குள் நின்ற பெரிய மரங்கள் நாற்பத்து மூன்றுக்கும் அவரே சுண்ணாம்பால் வளையம் போட்டார். "பேப்பர் எல்லாம் உங்கட ஒபிசுக்கு. எனக்கு இந்தச் சுண்ணாம்பு போதும். இதுக்கு உள்ளுக்குக் கத்தி படாது" என்றார்.

ஜூலை 30 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க நாள் குறித்திருந்தோம். 24ஆம் திகதி அவர் போய்விட்டார். ஓடைப் பக்கத்து ஆறு ஏக்கரும் உங்கள் பெயரில் எழுதிய காணி என்பதால் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். ஆனால் இப்போது அதற்கு அவசரம் இல்லை. உங்கள் நாலு மாதமும் பத்து நாளும் முடியட்டும். மரங்கள் எங்கேயும் போய்விடாது.

அக்காவிடம் ஏதும் வேலை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் வீடு என்றால் தன் வீடு மாதிரி.

இப்படிக்கு,
யோகராஜா

தெல்தோட்டை
11.08.2025

தம்பி யோகராஜாவுக்கு,

உங்கள் கடிதத்தை பாலம்மா சீலை முந்தியில் முடிந்து கொண்டு வந்து தந்தாள். என்னமோ களவுச் சாமான் மாதிரி அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத் தந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மௌத்தான பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன், பிறகு அதற்காகவும் அழுதேன்.

போன் என் மச்சான் நஸீபிடம் இருக்கிறது. ஹாஜியாருடைய தம்பி, கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். கிழமையில் மூன்று நாள் வந்து காணியைப் பார்க்கிறார். "மதினி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம், நான் பாத்துக்கொள்றன்" என்கிறார். பாவம், நல்ல மனுஷர்தான். ஆனால் யோசிக்க வேண்டாம் என்று சொன்னால் யோசனை நிற்குமா.

நான் முன் அறையில் இருக்கிறேன். சமைக்கவும் குசினிப் பக்கம் போவதில்லை, அதன் கதவு ஓடைப் பக்கம் திறக்கும். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டாகிவிட்டது. மார்க்கம் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை என்று மௌலவியின் மனைவியே சொன்னா. ஆனால் என் மாமி இந்த வீட்டில் இப்படித்தான் இருந்தார். நானும் அப்படியே இருக்க நினைத்தேன். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு, அந்த மனுஷனுக்காகச் செய்ய மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

கையெழுத்தைத் தள்ளிப் போட வேண்டாம். பேப்பரை பாலம்மாவிடம் கொடுத்து விடுங்கள், வைத்துத் தருகிறேன். இத்தா எனக்குத்தான், என் பேனைக்கு இல்லை. அவர் சொன்ன சொல் காற்றில் நிற்கக் கூடாது.

றமீஸா

கண்டி
20.08.2025

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த ஒப்பந்தம் காணி உறுதிப் பத்திரத்தோடு பதிவாக வேண்டும். அதற்கு உறுதி எழுதிப் பதியும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு, சாட்சி இரண்டு பேர், நான் என்று நாலு ஆண்கள் இத்தா வீட்டின் முன்னறையில் வந்து உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். ஹாஜியார் இருந்திருந்தால் எங்களைப் படியேற விட்டிருப்பாரா?

ஆகவே நவம்பர் 30 வரை நான் காத்திருக்கிறேன். டிசம்பர் முதலாம் திகதி கண்டியிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில் வருவேன். நாற்றுகளும் கொண்டு வருவேன். கரையில் வெறுமையாக இருக்கும் இடங்களில் மூங்கிலும் கும்புக் மரமும் நட ஹாஜியார் கேட்டிருந்தார்.

எனக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பீலித் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தேன். நான் ஏ.எல். படிக்க வேண்டும் என்று அக்கா கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். லயத்துக்கு மேலே அந்த மரங்கள் நிற்கும் வரைக்கும்தான் எனக்கு இங்கே தூக்கம் வரும்.

யோகராஜா

தெல்தோட்டை
06.10.2025

தம்பிக்கு,

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நான்கு சுவருக்குள் இருக்கிறவளுக்கு எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

இரண்டு கிழமையாக மெஷின் வாள் சத்தம் கேட்கிறது. காலையில் தொடங்கினால் பகல் ளுஹர் தொழுகை வரை. விசாரித்தேன். பக்கத்துத் தோட்டத்தில் டர்பன்டைன் மரம் வெட்டுகிறார்கள் என்று சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் இன்னொன்று. ஓடைச் சத்தம் முன்னைவிடக் கிட்டக் கேட்கிறது. முப்பத்து நாலு வருடம் அந்தச் சத்தத்தோடு இருந்தவள் நான். அவர் குறட்டை விட்டால் ஓடை கேட்காது, குறட்டை நின்றால் கேட்கும். இப்போது தலைமாட்டில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. மழை கூடிப் போனதாலாக இருக்கலாம்.

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா? வீட்டுக்கு வர வேண்டாம். கீழே லயத்து வழியாக ஏறிப் பார்த்தால் போதும். என் மனச் சமாதானத்துக்குத்தான்.

பாலம்மாவின் மகள் சுதர்சினிக்கு தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். தாங்கள் இருக்கிற லயக் காம்பராவுக்கு வெள்ளை அடிக்கப் போவதாகச் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் அதிகம் கதைப்பதில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் போய்விடுகிறாள். கல்யாண யோசனையாக இருக்கும்.

றமீஸா

கண்டி
15.10.2025

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

உடனே வர முடியாத நிலையில் இருக்கிறேன், மன்னிக்க வேண்டும். பன்விலவில் ஒரு காணிக்காரர் ஐந்து வருடமாக இழுத்தடித்து இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். மனம் மாறுவதற்குள் அளந்து முடிக்க வேண்டும் என்று அங்கேயே தங்கியிருக்கிறேன்.

நஸீப் முதலாளிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "எல்லாம் நல்லா ஈக்கி, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்கு மரம் வெட்ட அனுமதி கிடைத்திருப்பது எனக்கும் தெரியும். அவர்கள் வெட்டுவது ஓடையிலிருந்து தூரத்தில். ஓடைச் சத்தம் மழையால்தான். இங்கே பன்விலவிலும் தண்ணீர் கரை தட்டி ஓடுகிறது.

இன்னும் ஆறு கிழமைதான் ராத்தா. முதல் பஸ்ஸில் வருவேன்.

யோகராஜா

தெல்தோட்டை
04.12.2025

தம்பி யோகராஜாவுக்கு,

மண் சரிந்து மூடிய பாதை முழுதாகத் திறக்கவில்லை. இது எப்போது கைக்குக் கிடைக்குமோ தெரியாது.

சனிக்கிழமை நீங்கள் கலஹாவிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார்கள். மண்ணுக்குள்ளிருந்து பாலம்மாவை எடுத்ததையும், தூக்கிக் கொண்டு போனதையும் முற்றத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன். ஆனால் அவளுடைய கடைசி ஒரு மணித்தியாலம் என்னிடம் இருக்கிறது. அதை நானே வைத்துக் கொண்டிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை பகல் மழை விடவில்லை. லயத்தில் மற்ற நாலு வீட்டுக்காரரும் பாதுகாப்புக்காகப் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். பாலம்மா என்னைத் தனியே விட மனமில்லாமல் மேலே வந்தாள். என் காலடியில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி இருக்கும், எழுந்தாள். எங்கே என்று கேட்டேன். "நாளைக்கழிச்சு ஒங்க இத்தா முடியுதும்மா. குளிக்க வெந்நீர் வைக்கணும்ல. இங்க இருக்க வெறகெல்லாம் நனஞ்சு போச்சு. லயத்துல காஞ்ச வெறகு அடுக்கி வச்சிருக்கேன், ஒரு கட்டு எடுத்தாந்துர்றேன்" என்றாள். பச்சைத் தண்ணியில் குளிக்கிறேன், போக வேண்டாம் என்றேன். "நாலு மாசம் உள்ளுக்கு இருந்த ஒடம்பு, பச்சத் தண்ணி ஊத்துனா சளி புடிக்கும். இந்தா வந்துட்டேன்" என்றாள். போய்விட்டாள்.

பிறகு ஒரு சத்தம். அது இடி இல்லை. வீடு முழுதும் ஆடியது. நான் இத்தாவை மறந்தேன், துப்பட்டியை மறந்தேன், குசினிக் கதவைத் திறந்து வெளியே ஓடினேன். அவர் வளையம் போட்ட மரங்களில் ஒன்று கூட இல்லை. வெட்டிய அடிக்கட்டைகள், பெக்கோ மெஷினால் வெட்டிச் சமப்படுத்திய ஒரு தரை, அதன் பாதி கீழே போயிருந்தது. ஓடை வழியை விட்டு வேறு பக்கம் திரும்பி, லயத்தின் கடைசிக் காம்பராவுக்குள் புகுந்து ஓடிக் கொண்டிருந்தது. அது அவளுடைய காம்பரா.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்டேன் தம்பி. மரம் இல்லாததையும் அவள் இல்லாததையும்.

நஸீப் முன் கதிரையில் வந்து உட்கார்ந்து அழுதார். அங்கே ஹொலிடே பங்களா கட்ட இருந்தாராம். "மதினிக்கு ஒரு வருமானம் வரட்டும் எண்டுதான் நான் செஞ்ச. இத்தா முடியக் காட்டலாம் எண்டு ஈந்த" என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிடி சோறு போடவும் மனம் வரவில்லை.

சுதர்சினியை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

றமீஸா

கண்டி
12.12.2025

மதிப்புக்குரிய அம்மா,

கடிதம் கிடைத்தது. அக்கா கடைசியாகச் சொன்னதை எழுதியதற்கு நன்றி.

சுதர்சினி கண்டியில் துணிக்கடையில் வேலைக்கு நின்றதால் தப்பினாள். அவள் என்னோடு இருப்பாள். அங்கே வர மாட்டாள்.

நஸீப் மீது முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அது நடக்கும் விதமாக நடக்கட்டும். அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை, அதனால் அவர் என்னை ஏமாற்றவும் இல்லை. உங்களிடம் எதிர்பார்த்தேன்.

மே மாதம் எல்லாவற்றையும் அளந்தவன் நான். உங்கள் குசினிக் கதவிலிருந்து பத்து எட்டு வைத்தால் ஓடை தெரியும். பத்து எட்டு. வாள் சத்தம் கேட்டது என்று நீங்களே எழுதினீர்கள். ஓடை கிட்ட வந்துவிட்டது என்றும் நீங்களே எழுதினீர்கள். மரம் இருந்தபோது மறைத்த சத்தம் மரம் போனதும் கேட்டிருக்கிறது, அது உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. நஸீப் பக்கத்துத் தோட்டம் என்று சொன்னாராம், நீங்கள் நம்பினீர்களாம். மார்க்கம் இவ்வளவு கடுமை இல்லை என்று எழுதியதும் நீங்கள்தான். நூற்று இருபத்தாறு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் திரையை விலக்கிப் பார்த்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் இறந்ததற்கு நீங்கள் காட்டிய மரியாதைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தி செத்துப் போனாள். இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். ஒப்பந்தத்தை வேறொரு அலுவலர் பார்ப்பார், அதில் இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

யோகராஜா

தெல்தோட்டை
21.12.2025

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு தடவை மட்டும்.

பத்து எட்டு இல்லை தம்பி, ஒன்பது. இத்தா முடிந்த அன்று நடந்து பார்த்தேன். அதன் பிறகும் தினமும் நடக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒன்பதுதான் வருகிறது. உங்கள் கடிதத்தில் பொய் என்று ஒரு வரி கூட இல்லை. பக்கத்துத் தோட்டம் என்று சொன்னார்கள், நம்பினேன். யார் சொன்னது என்பதை விடுங்கள். நம்பியது நான். பார்க்காமல் இருந்ததும் நான். திரையை விலக்கினால் அவருக்குச் செய்கிற மரியாதையில் ஒரு நாள் குறைந்துவிடும் என்று பயந்தேன். அவர் சுண்ணாம்பு போட்ட மரத்தைக் காப்பதுதான் அவருக்கான மரியாதை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை கண்டிக்கு வந்தேன். உங்கள் சங்கத்தில் கேட்டதற்கு, நீங்கள் விடுமுறையில் என்றார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். மரம் இல்லாத கரைக்கு எதற்கு இப்போது கையெழுத்து என்று அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உங்கள் நொத்தாரிசு ஒரு பொம்பிளைப் பிள்ளை, நிரஞ்சனி என்று பெயர். சாட்சிக்கு நின்ற இரண்டு பேரும் பெண்கள்தான். "ஆகஸ்ட்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனேம்மா" என்று அந்தப் பிள்ளை சொன்னது.

குத்திக் காட்ட இதை எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் குத்திக் காட்டவும்தான் எழுதுகிறேன். நானும் மனுஷிதானே.

றமீஸா

கண்டி
17.01.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

மறுபடியும் இப்படிக் கூப்பிட எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை.

பொங்கல் அன்று நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. கல்யாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. சுதர்சினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உங்களைப் பற்றி நான் ஏதோ சொன்னேன், நல்ல வார்த்தை இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, "மாமா, அவங்கள ஏசாதீங்க. பக்கத்துத் தோட்டம்னு சொன்னது அம்மாதான்" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் மரம் விழுந்த அன்று நஸீப் லயத்துக்கு வந்திருக்கிறார். மதினியிடமோ யோகராஜாவிடமோ ஒரு சொல் போனால் காம்பராவைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்றிருக்கிறார். கல்யாணம் வைத்திருக்கிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அக்கா பயந்திருக்கிறாள். அது மட்டும் இல்லை. "அந்தம்மா இருக்கிற இருப்புக்கு இதச் சொன்னா தாங்குவாங்களா? முடியட்டும், நானே கையப் புடிச்சுக் கூட்டிப் போயிக் காட்டி, கால்ல விழுந்துர்றேன்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். கொப்புகளையும் மிஞ்சிய அடித் துண்டுகளையும் விறகாக எடுத்துக் கொள்ளச் சொன்னார்களாம். எடுத்து அடுக்கியிருக்கிறாள். உங்களுக்கு வெந்நீர் வைக்கப் போய் எடுத்தது அந்த விறகைத்தான்.

பக்கத்துத் தோட்டம் பற்றி நீங்கள் இரண்டு கடிதத்தில் எழுதினீர்கள். இரண்டிலும் "சொன்னார்கள்" என்றுதான் எழுதினீர்கள். நஸீப் என்று நானாக முடிவு செய்தேன், நீங்கள் திருத்தவில்லை. அத்தனை பேச்சையும் வாங்கிக் கொண்டு அக்காவின் பெயரை வெளியே எடுக்கவில்லை. நான் என் சொந்த அக்காவிடம் ஒரு போன் எடுத்து, மரம் நிற்கிறதா என்று கேட்டதில்லை ராத்தா. பன்விலவில் அந்நியருடைய ஓடையை அளந்து கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் என்னிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

நிரஞ்சனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் சங்கத்துக்கு வந்து இரண்டு வருடம். என் மேசைக்கு எதிரே கதிரை போட்டு உட்காருகிறவர். நொத்தாரிசு என்றதும் என் மனதில் வந்தது ஓர் ஆண். சாட்சி என்றதும் இரண்டு ஆண். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து நான் அந்த வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் உள்ளேயே இருந்துவிட்டீர்கள். நடுவில் அக்கா வாயை மூடிக் கொண்டாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்தோம்.

என்னை மன்னிக்கும்படி கேட்கிறேன்.

ஒப்பந்தம் திரும்ப என் மேசைக்கே வந்திருக்கிறது. நான்தான் கேட்டு வாங்கினேன். ஓடை வழி மாறியதால் புதிதாக அளக்க வேண்டும். விதிப்படி, ஓடை இப்போது எங்கே ஓடுகிறதோ அதன் நடுவிலிருந்துதான் முப்பதடி. இப்போது அது அக்காவின் காம்பராவின் நடுவில் ஓடுகிறது. நாடாவை அங்கே வைக்க என் கை வருமா என்று தெரியவில்லை. மறு முனையைப் பிடிக்கவும் ஆள் இல்லை. மேலே உங்கள் வீட்டுப் பக்கமும் கரை நகர்ந்து வந்திருக்கிறது. முப்பதடி எடுத்தால் உங்கள் குசினி உள்ளே விழும். நீங்கள் விரும்பாவிட்டால் அந்தப் பக்கத்தைக் குறைத்து எழுதலாம், அதற்கு வழி இருக்கிறது.

யோகராஜா

தெல்தோட்டை
26.01.2026

தம்பி யோகராஜாவுக்கு,

மன்னிப்பை நீங்களும் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை. நாம் யாரிடம் கேட்க வேண்டுமோ, அவர்கள் இரண்டு பேரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

பாலம்மா சொன்னது பொய் என்று எனக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் நினைப்பது சரி. ஆனால் அவள் தெரிந்தேதான் அதைச் சொன்னாள் என்று புரிந்தது நவம்பர் 29ஆம் திகதி. குளிப்பதற்காகக் குசினிக்குள் போனேன். அடுப்படியில் அவள் முன்பு கொண்டு வந்து வைத்த விறகு கொஞ்சம் ஈரமாகக் கிடந்தது. ஒரு கட்டையைப் புரட்டினேன். பட்டையில் சுண்ணாம்பு. அவள் கத்தியால் சுரண்டியிருக்கிறாள், முழுதாகப் போகவில்லை. அவருடைய கை போட்ட வளையம், எனக்குத் தெரியாதா. இரண்டு மாதமாக அந்த மரத்தை எரித்துத்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறாள். அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டும்போது அவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குக் கோபமே வரவில்லை தம்பி. பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன். சளியும் பிடித்தது, அவள் சொன்ன மாதிரியே.

அந்தக் கட்டையை நான் எரிக்கவில்லை. சுதர்சினி கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் என்னிடமே இருக்கும்.

லயத்து நாலு குடும்பத்துக்கும் ரோட்டுப் பக்கத்துக் காணியில் ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுக்க நிரஞ்சனியிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது துண்டு சுதர்சினி பெயருக்கு. காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி இனி யாரும் யார் வாயையும் அடைக்கக் கூடாது. நஸீப் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அடிக்கட்டைகளுக்கு நடுவே தனியாக நாற்று நடுகிறார். நான் அவரோடு கதைப்பதில்லை. நடுவதைத் தடுப்பதும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குறைத்து எழுத வேண்டாம். குசினி உள்ளே விழுந்தால் விழட்டும், கழற்றிவிட்டு முன்பக்கம் ஓர் அடுப்பு போட்டுக் கொள்கிறேன். நான் நடக்காமல் விட்ட அந்த ஒன்பது எட்டும் ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும்.

மறு முனையைப் பிடிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். மே மாதம் அவர் பிடித்தார், இந்த முறை நான் பிடிக்கிறேன். வரும்போது சுண்ணாம்பும் கொண்டு வாருங்கள். வளையம் போட மரம் இல்லை, கல்லில் போடுவோம். பாலம்மாவின் காம்பராவிலிருந்தே அளக்கத் தொடங்குவோம். உங்கள் கை வராவிட்டால் நாடாவை நான் வைக்கிறேன்.

அங்கிருந்து அளந்து கொண்டே மேலே ஏறி வாருங்கள். குசினிக் கதவு திறந்துதான் இருக்கும்.

றமீஸா